இரண்டு ஏரிகளும் ஒரு மதில்சுவரும்

தமிழ்நாட்டில் சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்களிடம் வழி கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை, ஏலகிரி, இல்லையென்றால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்று கடல், மற்ற இரண்டும் மலை. இடையில் கிடக்கும் சமவெளியை யாரும் சொல்வதில்லை. சமவெளியில் என்ன இருக்கிறது, வயலும் வெயிலும்தானே என்பார்கள்.

நான் சொல்லப்போகும் வழி சமவெளியில்தான் போகிறது. கொள்ளிடத்தின் மேல் அணைக்கரையில் தொடங்கி, கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, காட்டுமன்னார்கோயில் வழியாக வீராணம் ஏரிக்கரையைப் பிடித்து, சேத்தியாத்தோப்பில் முடிகிறது. மொத்தம் ஐம்பது கிலோமீட்டருக்கு முன்பின். கும்பகோணத்தில் ரயிலிறங்கி விடிகாலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் அணைக்கரையைப் பிடித்துவிடலாம். மார்கழி, தை மாதங்கள் நல்லது. ஏரியில் தண்ணீர் இருக்கும், வாடைக்காற்று கொஞ்சம் எதிர்த்து அடிக்கும், அவ்வளவுதான். இந்த வழியில் நீங்கள் ஏறப்போகும் பெரிய மேடு ஏரிக்கரை மட்டுமே. அதுவும் மனிதர்கள் மண் சுமந்து போட்ட மேடு.

கியர் மாற்ற வேண்டிய அவசியமே இல்லாத இந்த வழியில் ஆயிரத்து நூறு ஆண்டுகள் அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. ஒன்றைப் பிடுங்கித்தான் இன்னொன்றைக் கட்டியிருக்கிறார்கள். எதைப் பிடுங்கி எதைக் கட்டினார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அணைக்கரை, 1836

ஊரின் பெயரிலேயே அணை இருக்கிறது. கொள்ளிடம் இங்கே இரண்டு கிளையாகப் பிரிந்து நடுவில் ஒரு திட்டை விட்டுவிட்டு ஓடுகிறது. இரண்டு கிளைகளுக்கும் குறுக்கே கீழணை. 1836இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி கட்டப்பட்டது. அதே ஆண்டில் அவர் முக்கொம்பில் மேலணையையும் கட்டினார்.

இரண்டு அணைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் பள்ளமான, நேரான, வேகமான கிளை. அதனால் தண்ணீர் இயல்பாகவே கொள்ளிடம் பக்கம் சரிந்துவிடும். காவிரி மேடாகிக்கொண்டே போகும், தஞ்சாவூர் காயும். மேலணை இந்தச் சரிவைத் தடுத்துத் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பியது. தஞ்சாவூர் பிழைத்தது. ஆனால் கொள்ளிடத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் குறையுமே? அதற்குத்தான் கீழணை. வருகிற தண்ணீரின் மட்டத்தை உயர்த்தி, வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களுக்கும் வடவாற்றுக்கும் திருப்பிவிடுவது அதன் வேலை. வடவாறு போய்ச் சேரும் இடம் வீராணம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய கதை. ஓர் இடத்தில் ஒரு மாற்றம் செய்தால் கீழே நாலு இடத்தில் உடையும். உடைந்ததைச் சரிசெய்ய இன்னொரு மாற்றம். காட்டன் இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார் என்பது அவருக்குப் பெருமைதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் இன்றைக்கும் அவர் பெயரை மரியாதையோடு சொல்பவர்கள் உண்டு.

ஆனால் அணை கட்டக் கல் வேண்டும். சுற்றிலும் வண்டல் மண். எந்தப் பக்கம் தோண்டினாலும் களிமண்தான் வரும். மலை கிடையாது, பாறை கிடையாது. கல் எங்கிருந்து வந்தது?

வடக்கே பத்து கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்திலிருந்து வந்தது.

கங்கைகொண்ட சோழபுரம்

கும்பகோணம் சாலையில் வடக்கே மிதித்தால் வயல்களுக்கு மேல் விமானம் தெரியத் தொடங்கும். தஞ்சைப் பெரிய கோயிலைவிட உயரம் குறைவு. ஐம்பது மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும். அப்பாவின் கோயிலைவிடப் பெரிதாகக் கட்டாமல் வேறு மாதிரி கட்டிய மகன் முதலாம் ராஜேந்திரன்.

கோயிலைச் சுற்றி வந்தால் ஒன்று உறுத்தும். இவ்வளவு பெரிய கோயிலுக்கு அதற்கேற்ற சுற்றுச்சுவர் எங்கே? தஞ்சையில் கோட்டை போல நிற்கும் திருச்சுற்று இங்கே துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

இதற்கான பதில் 1855இல் தென்னிந்தியாவில் வெளியான ஓர் இதழ்க் குறிப்பில் இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி தன் ‘சோழர்கள்’ நூலில் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். கீழணை கட்டும்போது கல்லுக்காக இந்தக் கோயிலின் சிற்பக் கற்களில் பெரும்பகுதியைப் பெயர்த்தார்கள். மதில்சுவரைக் கிட்டத்தட்ட முழுக்கவே இடித்தார்கள். ஊர்மக்கள் தடுத்துப் பார்த்தார்கள், முடியவில்லை. தடுத்ததற்காகத் தண்டனைதான் கிடைத்தது. இடித்த கருங்கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருகிறோம் என்று அரசு தரப்பில் வாக்குக் கொடுத்தார்கள். குறிப்பு எழுதப்பட்ட நாள்வரை, அதாவது சுமார் இருபது ஆண்டுகள் ஆகியும், அந்த வாக்கு நிறைவேறவில்லை.

இந்தக் குறிப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது ஊர்மக்கள். 1830களில் சோழப் பேரரசு என்பதே யாருக்கும் பெரிதாகத் தெரியாது. கல்வெட்டுகள் படிக்கப்பட்டு, வரலாறு எழுதப்பட்டு, நாவல் வந்து, சினிமா வந்து நாம் கொண்டாடுகிறோமே, அதெல்லாம் அப்போது கிடையாது. இருந்தும் இந்த ஊர் விவசாயிகள் போய்க் குறுக்கே நின்றிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் மாளிகைமேடு. ராஜேந்திரனின் அரண்மனை இருந்த இடம். 1980 முதல் அங்கே அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. செங்கல் அடித்தளங்களைப் பார்க்கலாம். சுமார் இரண்டரை நூற்றாண்டு தலைநகராக இருந்த ஊரில் அரண்மனையின் மிச்சம் இவ்வளவுதான். செங்கல்லை வீடு கட்ட எடுத்துப் போனார்கள், கருங்கல்லை அணை கட்ட எடுத்துப் போனார்கள்.

செத்த ஏரி

ராஜேந்திரன் கங்கைவரை படை அனுப்பினான். தோற்ற அரசர்களைக் கொண்டு கங்கை நீரைச் சுமக்கவைத்தான் என்று அவனுடைய திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையாகப் பேசுகிறது. அந்த வெற்றிக்குக் கல்தூண் நடாமல், நீராலேயே ஒரு வெற்றித்தூண் எழுப்பினான் என்றும் சொல்கிறது. அந்தத் தூண்தான் சோழகங்கம் என்ற ஏரி. இன்றைக்குப் பொன்னேரி என்பார்கள்.

1855ஆம் ஆண்டுக் குறிப்பு இந்த ஏரியைப் பற்றியும் சொல்கிறது. வடக்குத் தெற்காக 16 மைல் நீளக் கரை, அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தென்முனையில் கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கும் மேல் நீண்ட வாய்க்கால் வந்து விழும். வடமுனையில் வெள்ளாற்றிலிருந்து இன்னொரு சின்ன வாய்க்கால். இதைக் குறித்துவைத்தவர் பார்த்தபோது ஏரி முழுக்கக் காடாகிக் கிடந்தது. எதிரிப் படை ஒன்று வந்து உடைத்துவிட்டுப் போனது என்பது அந்த ஊரின் செவிவழிக் கதை.

எதிரி உடைத்திருக்கலாம். ஆனால் உடைத்த கரையைத் திரும்பக் கட்டலாம். மண்தானே. இங்கே பலவீனமான உறுப்பு அந்த 60 மைல் வாய்க்கால். அத்தனை தூரமும் ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மண் சரிந்தாலும் கடைசியில் இருக்கும் ஏரிக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. வழியில் இருக்கும் எல்லா ஊர்களையும் அந்த வேலைக்குக் கட்டிப்போடும் ஓர் அதிகாரம் வேண்டும். 1279க்குப் பிறகு அப்படி ஒரு அதிகாரம் அந்த ஊரில் இல்லை. தலைநகரம் கிராமமானது. கிராமத்துக்கு 25 கிலோமீட்டர் கரை எதற்கு, அதை யார் பார்த்துக்கொள்வது? ஏரி மெல்லக் காடாகிவிட்டது. இன்று பொன்னேரி என்று இருப்பது அதில் ஒரு சிறு பகுதிதான்.

உயிரோடிருக்கும் ஏரி

மீன்சுருட்டியில் கிழக்கே திரும்பினால் லாரிகள் குறைந்துவிடும். இரண்டு பக்கமும் நெல். காட்டுமன்னார்கோயில் வரை நல்ல நிழல்கூட உண்டு.

இந்த ஊரின் பழைய பெயர் வீரநாராயணபுரம். முதலாம் பராந்தகனின் பட்டங்களில் ஒன்று வீரநாராயணன். ஊருக்கும் அதே பெயர், ஏரிக்கும் அதே பெயர். வீரநாராயணப் பேரேரி தேய்ந்து தேய்ந்து வீராணம் ஆனது. பராந்தகனின் மகன் ராஜாதித்தன் இராஷ்டிரகூடர்களை எதிர்பார்த்து வடக்கே திருமுனைப்பாடி நாட்டில் பெரும்படையோடு பல ஆண்டுகள் தங்கியிருந்தான். சும்மா இருந்த வீரர்களை வைத்து ஏரியை வெட்டினான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. 949இல் தக்கோலத்தில் யானைமேல் இருந்தபடியே அவன் கொல்லப்பட்டான். கல்வெட்டுகள் அவனை ஆனைமேல் துஞ்சிய தேவர் என்கின்றன. அவன் எதிர்பார்த்திருந்த போர் அவனைக் கொன்றது. காத்திருந்த நாட்களில் வெட்டியதாகச் சொல்லும் ஏரிதான் மிஞ்சியது.

படைவீரர்கள் வெட்டினார்கள் என்ற கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றொரு சொல் அடிக்கடி வரும். கூலியில்லாமல் செய்தே ஆகவேண்டிய வேலை. ஏரிகளும் வாய்க்கால்களும் பராமரிக்கப்பட்டதில் அதற்கும் பங்குண்டு. நாம் சைக்கிள் ஓட்டும் கரையில் எத்தனை பேர் கூலி வாங்காமல் மண் சுமந்தார்கள் என்பதை எந்தச் செப்பேடும் கணக்கு வைக்கவில்லை.

ஊருக்குள் இரண்டு கோயில்களைப் பார்க்காமல் போகக்கூடாது. ஒன்று வீரநாராயணப் பெருமாள் கோயில். நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளின் ஊர் இது. அவருடைய பேரன் ஆளவந்தாரும் இங்கே பிறந்தவர். யாரோ வழிப்போக்கர்கள் இந்தக் கோயிலில் பாடிய பத்துப் பாசுரங்களைக் கேட்டுவிட்டு, மிச்சம் எங்கே என்று நாதமுனிகள் கிளம்பினார் என்கிறது வைணவ மரபு.

இன்னொன்று உடையார்குடி அனந்தீசுவரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் யார் என்று இணையத்தில் முடிவில்லாமல் சண்டை நடக்கிறதே, அதன் மூலாதாரம் இந்தக் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்டு, அவர்களும் உறவினர்களும் சொத்திழந்த செய்தி. படித்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கொலை எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பதற்கு அதில் ஒரு வரி கிடையாது. முழுக்க நில விவகாரம். பறிமுதல் செய்த நிலம் யாருக்குக் கைமாறியது என்பதுதான் ஊர்ச்சபைக்கு முக்கியம். ஏரிப் பாசன ஊரில் இளவரசன் கொலையும் கடைசியில் நிலப்பத்திரமாகத்தான் பதிவாகிறது.

காட்டுமன்னார்கோயிலிலிருந்து கொஞ்சம் விலகி மேலக்கடம்பூர் போய்வரலாம். சக்கரங்கள் செதுக்கிய தேர்வடிவக் கோயில். அங்கே காளையின் மேல் ஆடும் பத்துக்கை நடராசர் செப்புத்திருமேனி ஒன்று உண்டு. வங்காளத்துப் பாலர் பாணி. ராஜேந்திரனின் கங்கைப் படையெடுப்பில் வந்ததாகச் சொல்கிறார்கள். மற்றவர் கோயிலிலிருந்து எடுத்துவருவது காட்டனின் ஆட்களோடு தொடங்கிய வழக்கம் இல்லை.

கரைமேல்

லால்பேட்டையைத் தாண்டினால் ஏரிக்கரை. வழியில் வெற்றிலைக் கொடிக்கால்கள் இருக்கும். லால்பேட்டை வெற்றிலை இந்தப் பக்கம் பிரசித்தம். கரைமேல் ஏறியதும் இடதுபக்கம் தண்ணீர், வலதுபக்கம் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே வயல்கள். கிழக்கே சரியும் நிலம் என்பதால் கரை கிழக்குப் பக்கம்தான். நீர்க்காகங்களும் நாரைகளும் கூட வரும். ‘பொன்னியின் செல்வன்’ தொடக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவது இந்தக் கரையில்தான். அவன் வடக்கிலிருந்து தெற்கே வந்தான், நாம் தெற்கிலிருந்து வடக்கே போகிறோம். கல்கி எழுபத்து நான்கு மதகுகள் என்று எழுதியதை எண்ணிப் பார்க்க நினைத்தால் வேண்டாம். இன்று அத்தனை இல்லை.

வேறொரு கணக்கைப் போடலாம். ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. பாசனப் பரப்பு சுமார் 45,000 ஏக்கர். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. அந்த 45,000 ஏக்கரிலும் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த எவ்வளவு வேண்டும்? கிட்டத்தட்ட 1,960 மில்லியன் கன அடி. ஏரி முழுக்க நிறைந்திருந்தாலும் தன் வயல்களுக்கு ஓர் அடித் தண்ணீர்கூட அதனால் தரமுடியாது. நெல்லுக்கோ ஒரு போகத்தில் அதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இந்த எண்ணைப் பார்த்தபிறகு எனக்கு ஏரி என்ற சொல்லே வேறு மாதிரி தெரிந்தது. வீராணம் தண்ணீர் சேர்த்துவைக்கும் தொட்டி இல்லை, தண்ணீர் தங்கிப்போகும் சத்திரம். ஒரு பருவத்தில் பலமுறை நிறைந்து பலமுறை வடிய வேண்டும். நிறைவது வடவாற்றால். வடவாறு நிறைவது கீழணையால். கீழணை எழுந்தது கங்கைகொண்ட சோழபுரத்து மதிலால்.

சோழகங்கம் செத்ததும் வீராணம் பிழைத்ததும் ஒரே காரணத்தால்தான். ஒன்றுக்கு வாய்க்கால் அறுந்தது, இன்னொன்றுக்கு வாய்க்கால் தொடர்ந்தது. தொடர்வதற்கான கல், அறுந்த ஏரிக்குச் சொந்தக்காரனின் கோயிலிலிருந்து போனது. ராஜேந்திரனின் சுவர், அவனுடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் வெட்டியதாகச் சொல்லும் ஏரியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. இதைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா? இடித்தது அநியாயம். இடித்த கல்லால் இன்றுவரை நெல் விளைகிறது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

சேத்தியாத்தோப்பு, 2004

கரையோர டீக்கடை ஒன்றில் சைக்கிளைச் சாத்தினேன். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்ட பெரியவர், சென்னை என்றதும் சிரித்தார். “அப்ப நம்ம தண்ணியதான் குடிக்கிறீங்க, தம்பி” என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உறவுமுறை சொல்வது போல இருந்தது.

அவர் சொன்னது சரி. வீராணத்திலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் திட்டம் 1960களின் இறுதியில் தொடங்கி, பாதியில் நின்று, சர்க்காரியா கமிஷன் விசாரணை வரை போனது. செய்த ராட்சதக் குழாய்கள் பல ஆண்டுகள் சாலையோரம் கிடந்தன. வீடில்லாதவர்கள் அதற்குள் குடியிருந்தார்கள். பிறகு புதிய வீராணம் திட்டம் 2004இல் ஓடத்தொடங்கியது. சேத்தியாத்தோப்பில் ஏரித் தண்ணீரை எடுத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, கடம்புலியூர் மேட்டுக்கு ஏற்றுகிறார்கள். அங்கிருந்து போரூர் வரை தண்ணீர் தன் எடையாலேயே ஓடுகிறது. மொத்தம் சுமார் 235 கிலோமீட்டர். நாளொன்றுக்கு 180 மில்லியன் லிட்டர்.

அதே 2004இல்தான் யுனெஸ்கோ கங்கைகொண்ட சோழபுரத்தை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. ஒரே ஆண்டில் கோயிலுக்குப் பட்டயம் கிடைத்தது, ஏரிக்குக் குழாய் மாட்டினார்கள்.

இன்னொரு கணக்கு. 180 மில்லியன் லிட்டர் என்பது சுமார் 6.36 மில்லியன் கன அடி. வேறு யாருக்கும் ஒரு சொட்டு தராமல், வெயிலும் உறிஞ்சாமல் இருந்தால், நிறைந்த வீராணம் சென்னைக்கு 230 நாள் வரும். மேட்டூர் திறக்காத ஆண்டில் வடவாறு வற்றும். அப்போது ஏரியின் அடியில் மிஞ்சும் தண்ணீர் குழாய்க்கா மதகுக்கா என்பது யாரோ ஒரு அதிகாரியின் மேசையில் முடிவாகும். 1830களில் கல் யாருக்கு என்பது முடிவானது போல. நான் போரூர் பக்கம் குடியிருக்கிறேன். அந்த முடிவு யாருக்குச் சாதகமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921ஆம் ஆண்டுகளில், ஏரி வாரியம் என்றொரு குழு இருக்கிறது. குடவோலையில் தேர்ந்தெடுத்து, ஒரு வருடப் பொறுப்பு. எல்லோரும் குடவோலையை மட்டும் பிடித்துக்கொண்டு ஜனநாயகம் என்று பேசுகிறார்கள். அதில் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை; நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது. எனக்கு அதில் பிடித்தது இந்த வாரியம்தான். ஏரியைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஆள் உண்டு, அவருக்குத் தவணை உண்டு, தவணை முடிந்தால் அடுத்தவர் வருவார். பராமரிப்பு என்பதை ஒரு பதவியாக வைத்திருந்தார்கள்.

வீராணத்தின் தரை ஆண்டுதோறும் வண்டலால் உயர்கிறது. 230 நாள் என்ற என் கணக்கும் ஆண்டுக்காண்டு குறையும். தண்ணீர் எடுக்கிற நகரம் அந்த வண்டலில் எத்தனை வண்டி அள்ளித்தர வேண்டும் என்று யாரும் பில் போட்டதில்லை. போட்டால் முதல் ஆளாக நான் கட்டுவேன் என்று சொல்வது சுலபம். குழாய்க்கு வரி கட்டும்போது அதில் சேத்தியாத்தோப்பு விவசாயிக்கு ஒரு பைசா போகிறதா என்று இதுவரை நான் கேட்டதில்லை, நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அணைக்கரையில் தொடங்கும்போது பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள், நடுவில் நல்ல கடை குறைவு. கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயிலைப் பார்த்தபிறகு மதில் இருந்த கோட்டை ஒருமுறை நடந்து சுற்றிவாருங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. இங்கே நின்று மறித்தவர்களுக்கு அரசு ஒரு செங்கல் சுவர் தருவதாகச் சொல்லியிருந்தது. ஏரிக்கரையில் சென்னையிலிருந்து வருகிறேன் என்று சொல்லும்போது அது நினைவிருந்தால் போதும்.